சில்லுப் பூட்டிய கூரை

மகள் அஜந்தாவின் கலியாணப் பந்தியில், நாந்து நகரத்திலிருந்து வந்த சம்பந்தி தம்பிராசா சொன்ன வசனம் இதுதான்: "நாந்துக்கு வந்தால் எங்கடை வீட்டிலை நிண்டு போகலாம். இடம் தாராளமாக் கிடக்கு."

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதை அன்பு என்று விளங்கிக்கொண்டார்கள். அதற்குள் இருந்த முள் பொம்பிளையின் தகப்பன் வாமதேவனுக்கு மட்டும்தான் குத்தியது. இடம் தாராளமாகக் கிடக்கு என்றால் பொம்பிளைப் பகுதிக்கு இடம் போதாது என்று அர்த்தம். நிண்டு போகலாம் என்றால் போய்விடவேண்டும் என்று அர்த்தம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் புடவைக் கடை வைத்துத் தலை நரைத்த மனிதருக்கு வசனத்தின் முன்பக்கம் எது, உள்பக்கம் எது என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பந்தி முழுதும் கேட்கும்படி சொன்னார்:

"நான் படுத்தால் என்ரை சொந்தக் கூரைக்குக் கீழைதான் படுப்பன்."

அடுத்த நாள் லா சப்பலில் தேத்தண்ணி குடித்தவர்கள் எல்லோரும் அந்த வசனத்தையும் தொட்டுக்கொண்டு குடித்தார்கள். அதன் பிறகு அதைத் திரும்ப விழுங்க வழியில்லை.

விழுங்கவேண்டிய தேவையும் கொஞ்சக் காலம் வரவில்லை. பிறகு அஜந்தா பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். பிள்ளை பிறந்தால் துடக்குக் கழியும்வரையாவது அம்மாவும் அப்பாவும் நாந்தில் வந்து தன்னோடு இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் டெலிபோனில் கேட்டாள். மனைவி தில்லைநாயகி அன்றைக்கே பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் வறுக்கத் தொடங்கிவிட்டா. வாமதேவன்தான் யோசித்தார். ஹோட்டலில் தங்கினால் பெற்ற தகப்பனை மகள் வெளியே படுக்கவிட்டாள் என்று ஊர் சொல்லும். காலையில் ரயிலில் போய்ப் பின்னேரம் திரும்பினால், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர் வைத்தியருக்குப் பல்லுக் காட்ட வந்தவர் போல மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். போகாமலே விடலாம். ஆனால் அலுமாரிக்குள் பிள்ளைக்கென்று செய்வித்த பஞ்சாயுதச் சங்கிலி இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கூசேன்வில் என்ற புறநகரில் ரொபேர் என்ற ஓய்வுபெற்ற லொறிச் சாரதியின் பின்வளவில், வாகனத்துக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகிற, பாசி பிடித்த கரவான் ஒன்று விற்பனைக்கு நின்றது. கட்டில் இருந்தது. கதவு இருந்தது. கூரை இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே சில்லும் இருந்தது. வாமதேவன் அதைச் சுற்றி வந்து, வீடு வாங்குகிறவரின் முகத்தோடு விலை பேசி வாங்கினார்.

உள்ளே வைத்த முதல் காலே தரையைத் துளைத்துக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. யன்னல் கரையால் வந்த மழைத்தண்ணி பல வருடமாகப் பலகையைத் தின்றிருக்கிறது. ரொபேர் தனக்குத் தெரிந்த ஒரு திருத்துநரைக் கூப்பிடவா என்று கேட்டார். வாமதேவன் மறுத்துவிட்டார். வீட்டுக்குள் வேலைக்காரனை விட்டால் அவன் வீட்டின் ஓட்டையைத்தான் வெளியே காவிக்கொண்டு போவான். தன் வீட்டைத் தானே திருத்துவதென்று தீர்மானித்து, கனடாக்காரன் ஒருவன் கரவான் திருத்திக் காட்டும் வீடியோக்களைக் கடைக் கல்லாவில் இருந்தபடியே பார்க்கத் தொடங்கினார். சேலை பார்க்க வந்தவர்கள் அவன் துளையிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சேலை பார்த்தார்கள்.

உக்கிய பலகையை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுப்பலகை அடித்தார். அது சரியான வேலை; கனடாக்காரனும் அப்படித்தான் செய்தான். ஆனால் சம்பந்தி வீட்டில் வெறும் மரத்தரைதான் என்று யாரோ சொன்னதால், பலகைக்கு மேலே மாபிள் கல்லும் பதித்தார். கனடாக்காரன் அதைச் செய்யவில்லை. அவனுக்குச் சம்பந்தி இல்லைப் போலும்.

பிறகு கடைச் சாமான் ஏற்றுகிற வானுக்குப் பின்னால் இழுவைக் கொழுக்கி பூட்டினார். வானின் மின்சார இணைப்பில் ஏழு முள்ளு, கரவானில் பதின்மூன்று முள்ளு. இரண்டையும் அவர் தன் அறிவின்படி சம்பந்தம் செய்துவைத்தார். தில்லைநாயகி பின்னால் நின்று எது எரிகிறது என்று சொல்லவேண்டும். பிறேக்கை மிதித்தபோது வலது சிக்னல் எரிகிறது என்றா. இடது சிக்னலைப் போட்டபோது உள்ளே கட்டிலடி லைற் எரிகிறது என்றா. நீர் வடிவாகப் பார்க்கேல்லை என்று அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை பிடித்தார். நாலாவது ஞாயிறு எல்லாம் சரியாக எரிந்தது. அன்றைக்குத்தான் அவ வடிவாகப் பார்த்தா என்று முடிவாயிற்று.

அவருடைய பெருமை எல்லாம் குசினிதான். மீன் பொரிக்கிற மணத்தோடு படுக்க ஏலாது. ஆகவே பின்சுவரை வெட்டி, மேலே தூக்கும் கதவொன்று வைத்து, வெளியே நின்று சமைக்கும்படி எவர்சில்வர் மேசை, இரண்டு அடுப்பு, காஸ் சிலிண்டர், மா அரைக்கிற கிறைண்டர், அரிசி மூட்டை எல்லாவற்றையும் வாலில் ஏற்றினார். வேலை முடிந்த நாள் ரொபேர் வந்து முன்கொழுக்கியைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தார். ஒரு கையாலேயே எழும்பிவிட்டது. ரொபேர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு பாரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். மாபிள் பதித்த பிறகும் ஒரு கையால் தூக்கக்கூடிய வீடு கட்டியதைப் பாராட்டுகிறார் என்று விளங்கி, வாமதேவன் நன்றி சொன்னார்.

பெண்பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் புறப்பட்டார்கள். கூசேன்வில்லிலிருந்து நேரே நெடுஞ்சாலைக்குப் போயிருக்கலாம். ஆனால் சொந்தக் கூரை என்று லா சப்பலில் சொன்னவர், அந்தக் கூரையை லா சப்பலுக்குக் காட்டாமல் போக முடியுமா? கடைக்கு முன்னால் நிறுத்தி, சில்லுக்குத் தேசிக்காய் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். பக்கத்து நகைக்கடைக்காரர் இராஜேந்திரனுக்குக் குசினியைக் காட்டப் பின்கதவைத் தூக்கினார். இராஜேந்திரன் மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

முன்னால் நின்றவன், "அண்ணை, ரண்டு கொத்துரொட்டி. ஒண்டுக்கு உறைப்புக் குறைச்சு" என்றான்.

"இது வீடு" என்றார் வாமதேவன்.

"வீட்டுச் சாப்பாடு எண்டால் இன்னும் நல்லது அண்ணை. ஆட்டிறைச்சி இருக்கோ?"

பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தபடி எடுக்கவே இல்லை. வாமதேவன் கதவை இறக்கிப் பூட்டிவிட்டு, முதுகு வளையாமல் நடந்துபோய் வானில் ஏறினார்.

நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் கரவானின் வால் ஆடத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு கும்மியடிக்கிறது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அது வானையும் பிடித்து இழுத்தது. பின்னால் வந்த லொறிகள் லைற் அடித்தன.

"நாவூறு. கொத்துக் கேட்டவங்கடை கண்" என்றார் வாமதேவன்.

"இஞ்சருங்கோ, பின்னுக்குப் பாரம் கூடிப்போச்சு. சைக்கிள் கரியரிலை மூட்டை கட்டினால் முன்சில்லு எழும்புறது உங்களுக்குத் தெரியாதோ" என்றா தில்லைநாயகி.

அவர் கோப்பி குடிக்கவேண்டும் என்று சொல்லி இளைப்பாறும் இடத்தில் ஒதுக்கினார். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தூரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவ கிறைண்டரையும் அரிசி மூட்டையையும் இழுத்துக் கரவானின் முன்பக்கத்தில் வைத்தா. சிலிண்டரை அசைக்க முடியாமல் நின்றபோது மட்டும் அவர் வந்து, கடமைக்குச் செய்கிறவர் போல அதையும் கழற்றி முன்னால் கொண்டுபோனார். அதன்பிறகு கரவான் கோடு கிழித்தது போல நேரே ஓடியது. தேசிக்காய் கொஞ்சம் சுணங்கித்தான் வேலை செய்யும் என்றார்.

நாந்தில் தெருவோரம் நிறுத்தினார். நகரசபைப் பொலிஸ் வந்து, தெருவில் கரவானை வைத்து அதில் குடியிருக்க ஏலாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது. மருமகன் கீர்த்தனன் தன் வளவுக் கேற்றைத் திறந்துவிட்டு, "மாமா, உள்ளை விடுங்கோ" என்றான். வாமதேவன் தான் அன்று சொன்ன வசனத்தை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கூரை என்றுதான் சொல்லியிருந்தார்; நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கரவான் உள்ளே போனது. கீர்த்தனன் வீட்டிலிருந்து மின்சார வயர் இழுத்துத் தருகிறேன் என்றான். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கூரையில் தன் கையால் பூட்டிய சூரியத் தகடு இருக்கிறது என்றார். தகடு இருந்தது. நாந்தில் அந்தக் கிழமை சூரியன்தான் இல்லை. இரண்டாம் நாளே பற்றறி இறங்கிவிட்டது.

அதையும் தாங்கியிருப்பார். தாங்கமுடியாமல் போனது வேறொன்று. தில்லைநாயகி மகளோடு வீட்டுக்குள் படுத்தா. பத்தியக் கறி காய்ச்சுகிறவளுக்குச் சபதம் கிடையாது. அவர் பகல் முழுதும் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். பகல் முழுதும் அது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. இருட்டி, அவர் தன் கூரைக்குத் திரும்பிய பிறகுதான் விழித்தது. வளவுக்கு இந்தப் பக்கம் இருட்டில் இருந்துகொண்டு அவர் அதன் அழுகையைக் கேட்டார். கண் உங்களைப் போலவே இருக்கு என்று காலையில் தில்லைநாயகி சொன்னா. அவர் அந்தக் கண்ணை இன்னும் காணவில்லை. பிள்ளையைக் கொஞ்ச நேரம் கரவானுக்குக் கொண்டுவரலாமோ என்று ஒருமுறை கேட்டார். "அதுக்குள்ளை ஈரம் அப்பா" என்றாள் அஜந்தா. யன்னல் கரையை அடைக்க அவர் பூசிய சிலிக்கன் பசையைத் தாண்டி உள்ளபடியே மழைத்தண்ணி ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

தம்பிராசா மனைவியை இழந்தவர். மகன் வீட்டு மேல்மாடியில் இருந்தார். சம்பந்திகள் இருவரும் கண்டால் இரண்டு நாட்டுத் தூதுவர்கள் போலத் தலை அசைத்துவிட்டு விலகிப் போனார்கள். நாலாம் நாள் மத்தியானம் மழை விட்ட நேரத்தில் வாமதேவன் பின்கதவைத் தூக்கிவைத்து ஒட்டிமீன் கருவாடு பொரித்தார். பிள்ளை வந்ததிலிருந்து அந்த வீட்டுக்குள் பொரியல் தடை. கொஞ்ச நேரத்தில் தம்பிராசா கையில் குடையோடு வந்து கரவானின் சில்லைப் பார்த்தார்.

"சில்லுக்குக் காத்துக் காணாது போல."

"காணும்."

"கருவாடோ?"

"ஓம். இருங்கோ."

தம்பிராசா கரவானுக்குள் இருந்து இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். கை கழுவின பிறகும் எழும்பவில்லை. மாபிள் தரையைக் காலால் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன அண்ணை. உங்கடை கதவு, உங்கடை சட்டி. நான் அங்கை கதிரையை இழுக்கிறதெண்டாலும் ஆரும் நித்திரையோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் இழுக்கிறன்."

"இடம் தாராளம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"இடம் தாராளம் எண்டனான். என்ரை இடம் எண்டு சொல்லேல்லையே." தம்பிராசா கட்டிலைப் பார்த்தார். "பிள்ளை வந்த நாளிலையிருந்து நித்திரை இல்லை. இஞ்சை கொஞ்சம் சரியட்டோ?"

வாமதேவன் புதுத் தலையணை உறை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். சம்பந்தி தன் கூரையின் கீழ் கால் நீட்டிப் படுத்த அந்த மத்தியானம், கலியாணப் பந்தியில் கீழே வைத்த பாயசத்தை இப்போதுதான் குடித்து முடித்தது போல அவருக்கு இருந்தது.

பின்னேரம் ஆயிற்று. இருட்டியது. தம்பிராசா எழும்பவில்லை, குறட்டைதான் ஏறிக்கொண்டு போனது. கரவானில் இருந்தது ஒரே கட்டில். வந்த விருந்தாளியைத் தட்டி எழுப்புவது வாமதேவனின் பரம்பரையில் இல்லை. சம்பந்தியோடு ஒரே கட்டிலில் சரிவது யாருடைய பரம்பரையிலும் இல்லை. வானின் சாரதி ஆசனத்தில் இருந்து பார்த்தார்; முழங்கால் மடியவில்லை. வெளியே மழை திரும்பவும் தொடங்கியது. வீட்டுக்குள் பிள்ளை அழத் தொடங்கியது.

அவர் போனார். அஜந்தா சோபாவில் இருந்தாள்.

"சம்பந்திக்குக் கட்டிலைக் குடுத்திட்டன்" என்றார், கேட்காத கேள்விக்கு.

"ஓம் அப்பா. இவவைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றாள்.

கைக்கு வந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. கண் தில்லைநாயகி சொன்னது போலத்தான் இருந்தது. அவர் பிறகு எதுவும் விளங்கப்படுத்தவில்லை. சோபாவிலேயே சரிந்தார்.

காலையில் லா சப்பலுக்கு டெலிபோன் எடுத்து இராஜேந்திரனோடு நீளமாகக் கதைத்தார். கரவான் எப்படி என்று அவர் கேட்டதற்கு, சம்பந்தி இப்போது என்ரை வீட்டிலைதான் படுக்கிறார், அவருக்கு மற்ற இடம் பிடிக்கேல்லையாம் என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வாமதேவன் எங்கே படுத்தார் என்று இராஜேந்திரன் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லுவது மரியாதையும் அல்ல. பிறகு ஏணி வைத்து ஏறி, யன்னல் கரைச் சிலிக்கனைச் சுரண்டி எடுத்துவிட்டு, வடிவாகத் துடைத்து, காயும்வரை நின்று புதிதாகப் பூசினார். விருந்தாளி படுக்கிற இடம் ஒழுகக்கூடாது.

அன்று இருட்டுகிற நேரத்தில் தம்பிராசா தன்னுடைய தலையணையோடு வளவைக் கடந்து வந்தார். வாமதேவன் குடை பிடித்து, கரவான் கதவுவரை கூட்டிக்கொண்டுபோய் விட்டார். தம்பிராசா படியில் நின்று ஊர்க்கதை ஒன்று தொடங்கப் பார்த்தார். நாளைக்குக் கதைப்பம், போய்ப் படுங்கோ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, வாமதேவன் வீட்டுப் பக்கம் எட்டி நடந்தார். பிள்ளை விழிக்கிற நேரம்.