வைக்கோல் நிறப் பூச்சி

என் மகள் போனை எடுக்கும்போதே வைத்துவிடுகிற அவசரத்தில்தான் எடுப்பாள். "சாப்ட்டியா?" என்றால் "ம்." "என்ன சாப்ட்ட?" என்றால் "ஏதோ ஒண்ணு." "உடம்பு எப்படிடி இருக்கு?" என்றால் "நல்லாருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்மா." அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. நானும் ரோஷம் உள்ளவள்தான். இனி நானாகக் கூப்பிடக் கூடாது என்று காலையில் முடிவெடுப்பேன். சாயந்திரம் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விரல் அவள் பெயருக்குப் போய்விடும். என்ன ஜென்மமோ.

என் பெயர் உமாராணி. பிறந்தது முத்தாண்டிக்குப்பம், வாழ்க்கைப்பட்டது நெய்வேலி டவுன்ஷிப்பில். கணவர் செல்வகுமார் மைன்ஸில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வாரிசு வேலையாக எனக்கு ஒரு ஆபீசில் இடம் கொடுத்தார்கள், அதோடு இந்த குவார்ட்டர்ஸும். ஒரே மகள் சண்முகப்பிரியா. எங்கள் பிளாக்கில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இன்ஜினியரிங் படித்தபோது இவள் மட்டும் பூச்சி படித்தாள். அதிலும் எல்லாப் பூச்சியும் இல்லை, விளக்குக்கு வருகிற அந்துப்பூச்சி மட்டும். இப்போது பெங்களூரில் அதே ஆராய்ச்சிதான். படிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு பூச்சியின் முன்னால் மணிக்கணக்கில் உட்காருகிறவளுக்கு என்னோடு கொஞ்ச நேரம் பேச முடியவில்லையே என்றுதான் ஆத்திரம்.

ஒருத்திக்காகச் சமைப்பது போல ஒரு சனியன் கிடையாது. ஒரு கைப்பிடி பருப்பு போட்டால் மூன்று நாளைக்குக் குழம்பு. டிவியை ஓட விட்டுவிட்டு வேறு அறையில் இருப்பேன், வீட்டுக்குள் ஏதோ ஒரு குரல் கேட்டால் போதும் என்று. பக்கத்து குவார்ட்டர்ஸில் தாஜ் பீவி இருக்கிறாள், தங்கமானவள். ஆனால் அவள் வீட்டில் பேச ஆள் இருக்கிறது. பீர் முகமது பாய் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவள் குரல் மாறுவது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். நான் உடனே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

மழை ஆரம்பித்த சமயம், பின்பக்கத்து பாத்ரூம் விளக்கை அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் பல் துலக்கப் போனால் சுவரில் ஒரு பூச்சி. இறக்கையை முழுசாக விரித்து, ஒட்டி வைத்த காகிதம் போல உட்கார்ந்திருந்தது. தரையில் தண்ணீர் ஊற்றினேன், சொம்பைத் தட்டினேன், அசையவில்லை. சும்மா படம் எடுத்து பிரியாவுக்கு அனுப்பினேன். நான் தினமும் அனுப்புகிற காலை வணக்கப் படங்களுக்கு ஒரு பதிலும் போடாதவள், இதற்கு உடனே கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மா, இது எங்க?"

"எங்கன்னா? நம்ம வூட்டு பாத்ரூம்ல."

"இப்பவும் இருக்கா?"

"என்னைப் பாத்துக்கினு உக்காந்திருக்கு. ஏன், என்னா இது?"

"தலசோடிஸ்ம்மா. அது ஒரு பேரினம். அதுக்குள்ள நிறைய இனம் இருக்கு, பாத்தா எல்லாம் ஒரே அச்சு. எந்த இனம்னு சொல்லணும்னா வயித்து நுனியைப் பிரிச்சு மைக்ராஸ்கோப்லதான் பாக்கணும். நம்ம மாமரத்துல இருந்து வந்திருக்கும், அதோட புழு மா இலை, முந்திரி இலை எல்லாம் தின்னும். தலசோடிஸ்னா கடல் மாதிரின்னு அர்த்தம். அந்த இளம்பச்சை இருக்குல்ல, அதுக்காக."

"கடல் என்னைக்குடி பச்சையா இருந்துச்சு? கடலூர்ல போய்ப் பாரு, சேத்து நிறம்."

அவள் சிரித்தாள். என் மகள் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது கெடக்கட்டும், இது பச்சையும் இல்ல. வெளுத்த வைக்கோல் நிறம்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "போட்டோல மஞ்சளாத்தான் தெரியுது. ஆனா உன் போன் தண்ணில விழுந்ததுல இருந்து எல்லாத்தையும் மஞ்சளாத்தான காட்டுது. அதை நம்ப முடியாது. நீ கண்ணால பாத்துச் சொல்லு. கொஞ்சம்கூடப் பச்சை இல்லையா?"

"எனக்கென்னா கண்ணா அவிஞ்சு போச்சு? வைக்கோல்னா வைக்கோல்தான்."

அதற்குப் பிறகு அவள் பேசிய பேச்சு இருக்கிறதே, நான் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்தே போய்விட்டது. இந்தப் பூச்சிகளின் பச்சை செத்தபின் நிற்காதாம். கொஞ்சம் ஈரம் பட்டாலும் போய்விடுமாம். பெட்டிகளில் குத்தி வைத்திருக்கிற பழசெல்லாம் வைக்கோல் நிறத்தில்தான் கிடக்குமாம். ஆனால் உயிரோடு இருக்கும்போதே வைக்கோல் நிறத்தில் ஒன்றை அவள் பார்த்ததே இல்லையாம். யாருக்கும் தெரியாத இனமாகக்கூட இருக்கலாம் என்றாள். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கி எனக்கு என்ன ஆகவேண்டும்? அவள் குரல் என் காதுக்குள் இருந்தது, அது போதும்.

அன்றிலிருந்து பாத்ரூம் விளக்கை நான் அணைக்கவே இல்லை. பூச்சி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வராத நாளிலும் அவள் கூப்பிட்டாள். எந்தப் பக்கம் தலை வைத்து உட்கார்ந்திருக்கிறது, இறக்கையின் குறுக்கே வெள்ளைக் கோடு இருக்கிறதா என்றெல்லாம் கேட்பாள். கோடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். டவுன்ஷிப்பில் எங்கே பார்த்தாலும் இந்த வெள்ளை விளக்கை மாட்டித் தொலைத்திருக்கிறார்கள், யாருக்குத்தான் கூசாது?

ஒரு நாள் அவளாகவே சொன்னாள். "லீவு போட்டுட்டேன்மா. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி சனிக்கிழமை காலைல வந்துடறேன். அதுவரைக்கும் அந்தச் சுவத்துல தண்ணிகூட ஊத்தாத."

பொங்கலுக்கு வராதவள், அப்பா திதிக்கு வராதவள், ஒரு பூச்சிக்காக வருகிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நான் அன்றைக்கே வடலூருக்கு பஸ் ஏறிவிட்டேன், அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைப் புடவைக்கு ரவிக்கைத் துணி வாங்க. மேட்சிங் சென்டர்காரர் எடுத்துப் போட்டது எதுவும் புடவையோடு ஒட்டவில்லை. "நல்லாப் பாருங்கம்மா, அச்சு அசலா இருக்கு" என்றார். "எந்தக் கண்ணால பாத்து கடை வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். கடையில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் தாஜ் பீவி டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பின்வாசல் வழியாக வந்தாள். பாத்ரூம் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அல்லாவே, என்னா அழகுக்கா இது. வாழைக்குருத்துப் பச்சையா இருக்கே."

"எது பச்சை?"

"இந்தப் பூச்சிதான்."

"தாஜு, இது வைக்கோல் நிறமாத் தெரியலியா உனக்கு?"

அவள் பூச்சியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "உமாக்கா, உங்களுக்குச் சக்கரை இருக்குல்ல. கண்ணைக் காமிச்சீங்களா? எங்க மாமியாருக்கும் இப்படித்தான் எல்லாம் பழுப்பாத் தெரிஞ்சுக்கினு இருந்துச்சு. கண்ணுல புரை. எடுத்தப்புறம்தான் வூட்டுச் சுவரு வெள்ளைன்னே அவங்களுக்குத் தெரிஞ்சுது."

அவள் பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "பிரியா இதைத்தானே கேட்டுக்கினு இருக்குன்னீங்க? என் போன்ல கலரு நல்லா விழும். ஒண்ணு எடுத்து அனுப்பட்டுமா?"

"வேணாம்."

என் குரல் எனக்கே அதிகமாகப் பட்டது. தாஜ் பீவி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிக்கா, கண்ணை மட்டும் காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் மாமரத்தடிக்குப் போய் ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு மற்றதை. இலை என்பதால் பச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனா, இல்லை உண்மையிலேயே பச்சையாகத் தெரிகிறதா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வடலூர்க் கடைக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பாவம் அந்த மனுஷன். கண்ணைப் பற்றி எனக்குப் பெரிய பயம் வரவில்லை, புரை என்றால் எடுத்துவிடலாம். வேறு பயம்தான் வந்தது. பூச்சி பச்சை என்றால் அது ஒரு சாதாரணப் பூச்சி. சாதாரணப் பூச்சிக்கு யார் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள்?

"பச்சைதான்டி, என் கண்ணுதான் சரியில்ல" என்று போனில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். சாயந்திரம் அவளே கூப்பிட்டாள்.

"டிக்கெட் போட்டுட்டேன்மா. பூச்சி அதே நிறமாத்தான இருக்கு?"

"எனக்கு அப்படித்தான் தெரியுது" என்றேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். முடியைக் கத்தரித்திருந்தாள், என்னிடம் சொல்லவே இல்லை. "இருக்காம்மா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. இருந்தது. அன்றைக்கு அது வரவில்லை என்றால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. பையோடு நேராகப் பின்பக்கம் போனாள். நான் அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் காது கொடுத்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. டீ கொதித்து அடங்கும்வரை அவள் கூப்பிடவில்லை.

போய்ப் பார்த்தேன். சுவருக்கு எதிரே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, இது பச்சைம்மா."

அவள் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்ததாம். உள்ளே ஊசியில் குத்தி, இறக்கை விரித்த ஒரு பழைய பூச்சி. அதைச் சுவரில் இருந்ததற்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இது செத்துப் பல வருஷம் ஆச்சு. சுவத்துல இருக்கறது உயிரோட இருக்கு. ரெண்டும் என்ன நிறம்னு சொல்லு."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் இருப்பது வைக்கோல், சுவரில் இருப்பது பச்சை. தெரியாமல் சொல்லிட்டேன்டி, வெளிச்சம் சரியில்லை என்று மழுப்பிவிட்டால் தீர்ந்தது. திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான்டி இருக்கு எனக்கு."

பெட்டியைப் பிடித்திருந்த அவள் கை இறங்கியது. "எவ்ளோ நாளாம்மா?"

"கண்ணு எவ்ளோ நாளாவோ தெரியாது. வியாழக்கிழமை தாஜ் பீவி வந்து பாத்துட்டு பச்சைன்னா. அப்பதான் எனக்கே தெரியும்."

"வியாழக்கிழமையே தெரியுமா? அன்னைக்கு நான் போன்ல கேட்டேனேம்மா. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட."

அவள் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அந்த அளவுக்குக் கண் மங்கித்தான் இருக்கிறது போலிருக்கிறது. குரல் மட்டும் கேட்டது. "கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேனேம்மா?"

"வந்திருப்பியா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவள் கூப்பிட்டதெல்லாம், சிரித்த சிரிப்பெல்லாம் எதற்காக என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பொய் சொல்ல என் மகளுக்கு எப்போதுமே வராது. அதில் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

பிறகு பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள். கழுத்தில் கயிற்றில் தொங்கிய லென்ஸை, பூச்சிக்காகக் கொண்டுவந்ததை, பிரித்துக் கையில் எடுத்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அவள் விரல் பஸ்ஸின் குளிர் இன்னும் போகாமல் சில்லென்று இருந்தது. லென்ஸை என் கண்ணருகே வைத்து, முகத்தோடு முகம் உரசுகிற மாதிரி குனிந்தாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. சின்ன வயதில் ஜுரம் வந்தால் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடுவாளே, அதே மூச்சு.

"சிமிட்டாதம்மா" என்றாள்.

கண் எரிந்தது, தண்ணீர் கட்டியது, வழிந்தது. சிமிட்டினால் பார்த்து முடித்துவிட்டு நகர்ந்துவிடுவாளோ என்று நான் சிமிட்டாமலே நின்றிருந்தேன்.