பேச்சுக்குச் சொன்னது

ஆஸ்பத்திரி வராந்தாவில் தேசப்பன் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. நாற்காலியில் பட்டுவிடுமோ என்று கூச்சம். உள்ளே ராபினின் வலது கையில் எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று விரல்கள் பிரஸ் மிஷினிலேயே போய்விட்டன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு வெட்டும் அந்தக் கம்பெனியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். தேசப்பன் பர்மனென்ட், ராபின் கான்ட்ராக்ட். கை உள்ளே இருந்தால் மிஷினை இறங்கவிடாமல் நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது சும்மா சும்மா நிறுத்துகிறது, பீஸ் குறைகிறது என்று இரண்டு மாதத்துக்கு முன் அதன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியதைக் கண்ணால் பார்த்தவன் தேசப்பன். வேண்டாமென்று சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சண்டை போட்டவனும் அவன்தான்.

தேசப்பன் சாமி இல்லை என்கிற ஆள். கருப்புச் சட்டைக்காரர்கள் கூட்டம் போட்டால் ஆரணி வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருவான். ஆயுத பூஜைக்குப் பொரியை வாங்கிக்கொண்டு விபூதியைத் தள்ளிவிடுவான். ஆனால் கனமாக எதையாவது தூக்கினால் "முருகா" என்பான். கரண்டு போனால் "அட ராமா" என்பான். சூப்பர்வைசரைத் திட்டினால், "உன்ன அந்த கங்கம்மா கேப்பாடா" என்றுதான் முடிப்பான். ராபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நாக்கு அம்மாவிடம் பழகியது, மூளை பிறகு வந்தது; இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ராபினின் மனைவி சுகிர்தா நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். எப்படி ஆச்சு, யாரால ஆச்சு என்று கேட்டபடியே தரையில் சரிந்தாள். அந்த நேரத்தில் அவளிடம் வயரைப் பற்றியா பேசமுடியும்? தேசப்பன் குனிந்து அவள் தோளைப் பிடித்தான்.

"அழுவாதம்மா. ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல உசுரு கீது. யார இன்னா சொல்றது? எல்லாம் அவன் வுட்ட வழி."

கம்பெனி ஹெச்.ஆர். மணவாளன் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். தேசப்பனின் முதுகில் ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். ராபின் கவனக்குறைவாகக் கையை விட்டான் என்றால் அவனுடைய கான்ட்ராக்ட் அன்றோடு சரி. வயரைப் பிடுங்கியது எழுத்தில் ஏறிவிட்டால் அவனுக்கு ஸ்டோரிலோ கேட்டிலோ ஒரு வேலை கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதற்குத் தேசப்பனை விட்டால் சாட்சி இல்லை. அவன் என்றைக்குப் பிடுங்கினார்கள், யார் பிடுங்கினார்கள், தான் என்ன சொன்னான் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னான். மணவாளன் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஃபைலில் ஒரு தாளைப் புரட்டினார்.

"'இதில் யார் மீதும் குற்றமில்லை, எல்லாம் கடவுள் செயல்.' ஆஸ்பத்திரியில நீங்க சொன்னது. பக்கத்துல இருந்த நர்சும் காதால கேட்டிருக்காங்க. சொன்னீங்களா, இல்லையா?"

"அது பேச்சுக்குச் சொன்னது சார். எனக்கு சாமியே கெடையாது. மிஷின் ஷாப்புல யார வேணா கேளுங்க."

"அதனாலதான் அதுக்கு மதிப்பு ஜாஸ்தி, தேசப்பன்."

யார் மீதும் புகார் இல்லை என்று அந்தத் தாளின் அடியில் சுகிர்தாவும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சாயங்காலம் அவன் நேராக அவள் வீட்டுக்குப் போனான். ராபின் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். கம்பெனிக்காரர்கள் மூன்றாம் நாளே வந்து தாளை நீட்டினார்களாம்.

"எங்க பாஸ்டர் சொல்லியிருந்தாகூட யோசிச்சிருப்பேண்ணா," என்றாள் சுகிர்தா. "நீ சாமியே இல்லன்ற ஆளு. நீயே ஆண்டவன் வுட்ட வழின்ட்ட. அப்போ மிஷின்ல ஒரு கோளாறும் இருக்காதுன்னுதான் போட்டேன்."

தேசப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் ராபினைக் கூப்பிட்டான். ராபின் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை ராபினின் மிஷினுக்குப் பூஜை போட்டார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்து, கம்பியில் எலுமிச்சம்பழம் கோத்துக் கட்டினார்கள். ராபினுடைய இடத்துக்குப் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து பூமிகா என்ற பெண்ணைக் கான்ட்ராக்டில் எடுத்திருந்தார்கள். அய்யர் மிஷினில் ஒரு இடம் விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே போனார். சென்சாரின் கண்ணாடியிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அதன் வயர் பிடுங்கியபடியே பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பூமிகா மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் தகட்டை வைப்பதற்காகக் கையை உள்ளே விட்டாள்.