நாலு இலை வாங்கிய கடை

வரிசையில் சிராஜுக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். ராணியம்மாளின் மீன் குழம்புக் கடைக்கு வரிசை என்று ஒன்று உண்டானதே இந்த ஏழு மாதமாகத்தான். அதை உண்டாக்கிய மனிதரே இப்போது அதில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா?

சிராஜுக்கு உத்திரமேரூர் பஜாரில் ஃபேன்சி ஸ்டோர். பிழைப்பு வளையலிலும் ரிப்பனிலும். பெயர் மட்டும் வேறொன்றில். காஞ்சிபுரத்திலிருந்து மாதம் இரண்டு முறை வரும் ஒரு சிறு பத்திரிகையில் ஆறு வருடமாக ‘நாலு இலை’ என்ற பகுதியை எழுதி வந்தார். ருசிக்கு ஓர் இலை, இடத்துக்கு ஓர் இலை, கவனிப்புக்கு ஒன்று, கொடுத்த காசுக்குத் தகுமா என்பதற்கு ஒன்று. ஓரிக்கை டிபன் கடையும் வாலாஜாபாத் பரோட்டாக் கடையும் தாமல் ரோட்டு டீக்கடையும் அவர் கையிலிருந்து தப்பியதில்லை. இலையைக் குறைத்த கோபத்தில் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். ஆனாலும் ஒரு வரி பொய் எழுதினார் என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

“ஊரு சோத்தயெல்லாம் துன்னுட்டு வந்து வூட்டுல மோரு கேளுங்க” என்பாள் மனைவி தாஜுன்னிசா. அவள் சொல்வதில் தப்பில்லை. ஐம்பத்து நாலு வயதில் வயிற்றுப்புண் நிரந்தர விருந்தாளியாகிவிட்டது. பசியோடு ஒரு கடைக்குள் நுழைந்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடுவது, சாப்பிட்டதை எழுதுவது, எழுதியதற்காக ஏச்சு வாங்குவது. அலுத்துத்தான் போயிருந்தது. விட்டுத் தொலைக்கலாம். ஆனால் பஜாரில் நடந்தால் “நாலு இலை பாய்” என்று கூப்பிடுகிறார்களே, அந்த ஒன்றை விட மனசு வரவில்லை.

போன ஆடியில்தான் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் பின்னால் இந்தக் கீற்றுக் கொட்டகையைக் கண்டுபிடித்தார். இரண்டே பெஞ்சு. ஏரியில் அன்று காலை பிடித்த கெளுத்தி, அம்மியில் அரைத்த மசாலா. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு கிழவர் வந்தார். குழம்புச் சட்டி காலி. ராணியம்மாள் முகம் சுளிக்காமல் அடுப்பை மறுபடி மூட்டினாள். சிராஜ் உருகிவிட்டார். நாலு இலையும் கொடுத்து, ஆர்வக் கோளாறில் கடைசியாக ஒரு வரியும் சேர்த்தார்: ‘பதினெட்டே ரூபாய், இந்த அம்மா வாயிலிருந்து இல்லை என்ற சொல் வராது.’

அதுதான் வினையாகிவிட்டது. புருஷன் சேட்டு அதை வெட்டி, லேமினேட் செய்து வாசலில் மாட்டினார். ஆபீஸ் குமாஸ்தாக்கள் வந்தார்கள், பிளாட் பதிய வந்த சென்னைக்காரர்கள் காரை நிறுத்திவிட்டு வந்தார்கள். அவர்கள் மூலமாக இன்னும் பலர் வந்தார்கள்.

ஒருவழியாக சிராஜுக்கு இடம் கிடைத்தது. இலையில் சோறு விழுந்தது, குழம்பும் விழுந்தது. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஐஸில் கிடந்த மீன். மிஷினில் அரைத்த தூள். புளி பச்சையாகவே நின்றது. இரண்டாவது வாயை விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. சிராஜுக்குக் கோபம் வரவில்லை, துக்கமாக இருந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் போய் கீழே போட்டுவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார். இதை எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஓர் உண்மையை விழுங்கிவிடுவது என்று.

கொல்லையில் கை கழுவும்போது ராணியம்மாள் வந்து நின்றாள். முழங்கை வரை சூட்டுத் தழும்பு.

“பாய், திரும்ப எய்தப் போறீங்களா?”

“இல்லம்மா. சும்மா சாப்புடலாம்னு வந்தேன்.”

“எய்துங்க பாய். மட்டமா எய்துங்க.”

சிராஜ் ஈரக் கையோடு திரும்பினார்.

“சாய்ங்காலம் நாலு மணிக்கும் ஆளு வந்துகினே கீறாங்க. தீந்துபோச்சின்னா பேப்பர காட்றாங்க. ரேட்ட ஏத்துனாலும் பேப்பர காட்றாங்க. கயட்டிப் போடுய்யான்னா எங்க வூட்டுக்காரு கேக்க மாட்டேன்றாரு, அவருக்குப் பெரும. எனக்குக் கையி தோளுக்கு மேல ஏறல பாய். பேஜாராப் பூட்ச்சி.” குரலைத் தாழ்த்தினாள். “எடம் சுத்தமா இல்லன்னு எய்துங்க. ஈ மொய்க்குதுன்னு எய்துங்க. அந்தம்மா கடுகடுன்னு பேசுதுன்னு எய்துங்க. பாதி கூட்டமாச்சும் கொறையும்.”

“பேரு கெட்டுப் பூடுமேம்மா?”

“பேரா சோறு வடிக்குது? நான்தான வடிக்கிறேன்.”

மறுநாள் வியாபாரமில்லாத மத்தியானத்தில், வளையல் பெட்டிகளுக்கு நடுவே பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஈ மொய்க்கிறது என்று எழுதப் பேனா நகரவில்லை. அந்தக் கொட்டகையில் ஈயே கிடையாது. அவ்வளவு கூட்டத்திலும் தரை மெழுகியிருந்தது. கடுகடுப்பா? யாரிடமும் அவள் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பொய் எழுதி வழக்கமில்லாத கை. யோசித்து யோசித்து, கடைசியில் பொய்யே தேவையில்லை என்று அவருக்குப் பட்டது. ‘மீன் ஏரி மீன் இல்லை. மசாலா அம்மியைக் கண்டதில்லை. குழம்பில் பழைய ருசி போய்விட்டது. இடத்துக்கு ஓர் இலை, கவனிப்புக்கு ஓர் இலை, மற்றதற்கு இல்லை.’ எழுதி முடித்ததும் மனசு லேசானது. அந்த அம்மா கேட்டதும் ஆயிற்று, தன் நேர்மைக்கும் பங்கமில்லை; ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

பத்திரிகை வந்து ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பக்கம் போனார். வரிசை இல்லை. பெஞ்சில் இரண்டு குமாஸ்தாக்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் சேட்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். ராணியம்மாள் அடுப்பின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தூங்கித் தெளிந்த களை. நன்றி சொல்வாள் என்று சிராஜ் நினைத்தார். சொல்லப்போனால் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

“வாங்க பாய்” என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

“இப்ப தேவலாமாம்மா?”

“தேவல. இருவது பேரு வராங்க. மத்தியானத்துல கால நீட்டிப் படுக்கறேன்.” விறகை உள்ளே தள்ளினாள். “எங்க பொண்ணு கல்பனா படிச்சிக் காட்டுச்சி.”

சிராஜ் காலியாயிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஈ மொய்க்குதுன்னு எய்தச் சொன்னேன். கடுகடுன்னு பேசறேன்னு எய்தச் சொன்னேன். கொயம்புல ருசி போச்சின்னு நான் சொல்லலியே பாய்.”

“இல்லம்மா, அன்னைக்கு நெசமாவே...”

“நெசந்தான். எனக்குத் தெரியாதா? காலைல கொயம்ப வாயில வெச்சிப் பாக்கறவ நான். அதத் தெரிஞ்சிதான் மத்தத எய்தச் சொன்னேன்.”

குமாஸ்தாக்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சிராஜுக்குக் கூசிப்போனது. ஊரில் யாரும் குறை சொல்லாத அவள் கைப்பக்குவத்தைப் போய்த் தொட்டிருக்கிறோம், அதுவும் நேர்மையின் பெயரால், என்பது அப்போதுதான் உறைத்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு என்பது பெரிய வார்த்தை. அதை வியாபாரக்காரன் வாய் சுலபத்தில் சொல்லாது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார்.

அதற்குள் ராணியம்மாள் எழுந்து வந்து அவர் முன்னால் இலையைப் போட்டாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சோற்றை வைத்து நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினாள். ஏரிக் கெளுத்தி. அம்மியில் அரைத்த மிளகின் திப்பி சோற்றில் ஒட்டி நின்றது. காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. இன்று மோரும் ரொட்டியும்தான் என்று தாஜுன்னிசாவிடம் ஒப்புக்கொண்டு வந்திருந்தார். ஆறு வருடத்தில் எத்தனையோ இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாய்ச் சோற்றுக்கு இப்படிப் பயந்ததில்லை.

பிசைந்து எடுத்து வாயில் வைத்தார். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாகத் தன் காலில் விழுவதுகூடத் தெரியாமல், ராணியம்மாள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.