தாவிய ஜெபமணி

மூளைக் கட்டியை எடுக்கும்போது விழித்திருந்து, வலது கை விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும், அப்போதுதான் மூளையில் கையை ஆட்டுகிற இடம் தெரியும் என்று டாக்டர் தர்மினி சொல்லியிருந்தார். பெரியநாயகம் ஜெபமாலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மலேசியாவின் ஈப்போ ஆஸ்பத்திரியில் தலை திறந்திருக்க, மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வலியில்லை, குளிர்தான்.

டாக்டர் மூளையில் ஓரிடத்தில் லேசாகக் கரண்டு வைத்தார். கட்டைவிரல் தானாகத் துள்ளி ஒரு மணியைத் தள்ளிவிட்டது.

"டாக்டர், ஜெபம் சொல்லாமலே ஒண்ணு போயிருச்சு. திரும்பப் பின்னால போறேன்."

"போங்க அங்கிள். உங்க கட்டைவிரலுக்கு இதுதான் இடம். இங்க கத்தி வைக்கமாட்டேன்லா."

மூன்று முறை அப்படித் தாவியது. மூன்று முறையும் அவர் ஒழுங்காகப் பின்னால் போனார். ரப்பர் தோட்டத்து மாதா கோயிலில்கூட அவர் இவ்வளவு நேர்மையாக ஜெபமாலை சொன்னதில்லை.

மறுநாள் வார்டில் அவர் கட்டைவிரலை ஆட்டிக் காட்ட, மனைவி ஆலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெபமாலையில மூணு மணி தாவினது அங்கிள் தப்பில்ல ஆன்ட்டி. நான் வச்ச கரண்டு" என்றார் டாக்டர்.

ஆலிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுல டிவியில பந்தாட்டம் ஓடுற நேரமெல்லாம் முப்பது வருஷமா பத்துப் பத்தா தாவுதே, அதுக்கு யாரு டாக்டர் கரண்டு வச்சது?"