கடித்தால் வரும் சிரிப்பு

தமிழ்செல்வி சிரிக்க வேண்டுமென்றால் பல்லைக் கடிக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காதுக்குக் கீழே வந்த கட்டியை எடுத்தபோது முகத்து நரம்பும் சேர்ந்து போய்விட்டது. இடது பக்கம் முழுக்கத் தொங்கிவிட்டது. பெங்களூர் டாக்டர் ஒருவர், மெல்லுவதற்கென்று நெற்றிப்பொட்டில் இருக்கும் தசையை இறக்கி உதட்டோரத்தில் தைத்துக் கொடுத்தார். தசை இடம் மாறியதே தவிர அதன் புத்தி மாறவில்லை. கடித்தால்தான் இழுக்கும், இழுத்தால்தான் உதடு ஏறும்.

"பழகப் பழக, கடிக்காமலே வரும்மா. சிரிப்பை இறக்கணும்னா மட்டும் தாடையை விட்டு வாயைத் திறந்துடுங்க," என்றாள் பயிற்சி கொடுத்த பெண்.

இன்னும் பழகவில்லை. வேர்க்கடலை தின்றாலும் சிரிப்பு, வலித்தாலும் சிரிப்பு, கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஓசூர் பஸ்ஸில் மேலே சாய்ந்த ஒருவனைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தாள். அந்தப் புண்ணியவான் பதிலுக்குச் சிரித்தான். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூளகிரியில் அவளுடைய அப்பா எல்லப்பன் வீட்டுக்குக் கணவன் சுரேந்தரும் மாமியார் சரோஜம்மாளும் வந்து இறங்கினார்கள். கையில் ஆப்பிள், மல்லிகைப் பூ. மருமகளைக் கூட்டிப் போக வந்திருந்தார்கள். தொங்கிய முகத்தோடு அவள் அப்பா வீட்டில் கிடந்த காலமெல்லாம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு, முகம் சரியானதும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

சுரேந்தர் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. ஓசூரில் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் முகம் தொங்கிய பிறகு, வீட்டுக்கு ஆள் வந்தால் அவளை உள்ளறையில் வைத்து வெளியே பூட்டுவான். "யாராச்சும் ஒரு மாதிரி பாத்தா உனக்குத்தானே கஷ்டம்?" என்று அன்பாகத்தான் சொல்வான். ஒரு தடவை, வீட்டில் வேறு யாரும் இல்லாத நாளில், பூட்டைத் திறக்க மறந்து நைட் ஷிப்ட் போய்விட்டான். விடிந்து அவன் கதவைத் திறந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தவள்தான். பூட்டு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது ப, ம எழுத்துகளெல்லாம் உதட்டில் நிற்காமல் காற்றாகப் போகும். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பேசுவதையே விட்டிருந்தாள்.

சரோஜம்மாள் அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒருக்கா சிரி கண்ணு, பாக்கலாம்."

தமிழ்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் கடிபட்டது. சிரிப்பு வந்தது.

"எவ்ளோ லட்சணமா இருக்குது பாருடா!"

"அடுத்த மாசம் கம்பெனில பேமிலி டே வருதும்மா. எல்லாருக்கும் காட்டலாம்," என்று சுரேந்தர் செல்போனில் படம் எடுத்தான்.

எல்லப்பன் மகளைப் பார்த்தார். நல்ல மனுஷன். இவளுக்காகத் தக்காளித் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெங்களூருக்கு அலைந்தவர். "பாப்பா, மாப்ள கூப்புடுறாரு. போறியா? உன் இஷ்டம்தான்."

மாட்டேன் என்று நெஞ்சு கத்தியது. அந்த அறை, அந்தப் பூட்டு, விடிய விடிய கதவைத் தட்டிய கை. பயத்தில் தாடை இறுகியது. இறுக இறுக உதடு ஏறியது.

"சிரிச்சிட்டா! அப்புறம் இன்னா கேள்வி சம்பந்தி?"

எல்லோரும் தைத்த பக்கத்தையே பார்த்தார்கள். அவளுடைய சொந்தப் பக்கம், வலது பக்கம், கல்லாகக் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவள் முகமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. எல்லப்பன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அம்மா மாரம்மா பையை எடுத்துப் புடவைகளை அடுக்கினாள். கோபம் கூடக் கூடச் சிரிப்பும் கூடியது. வெளியே வர வழி தெரியாமல் தன் முகத்துக்குள்ளேயே நின்றாள் தமிழ்செல்வி.

மாரம்மா பையைக் கையில் கொடுத்து, காதோரம் குனிந்தாள். "எதுன்னாலும் கொஞ்ச நாளு பல்லைக் கடிச்சிகிட்டு இரு கண்ணு. எல்லாம் சரியாயிடும்."

தமிழ்செல்வி அம்மாவைப் பார்த்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் அந்தப் பயிற்சிப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. தாடையை விட்டாள். வாயைத் திறந்தாள்.

சிரிப்பு பொத்தென்று இறங்கியது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாயின.

"ஐயோ, மறுபடி தொங்குதே!" என்றான் சுரேந்தர்.

"மாட்டேன்," என்றாள். ம பாதி காற்றாகப் போனது. உதட்டை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "மாட்டேன். உள்ள வச்சிப் பூட்டுவாருப்பா. ஒரு ராத்திரி பூரா பூட்டிட்டுப் போய்ட்டாரு."

எல்லப்பன் எழுந்து நின்றார். சுரேந்தர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சரோஜம்மாள் அவசரமாக மருமகள் கையைப் பிடித்தாள். "எதுவா இருந்தாலும் சிரிச்ச மொகமா பேசும்மா. இப்பதான் சிரிக்க வருதில்ல?"

"சிரிச்சா பேச வராதுங்க அத்தை," என்றாள் தமிழ்செல்வி.