சங்கின் ஐந்தாவது பொருள்

என் கணவருக்கு அகராதி எழுதுவது வேலை. கல்யாணப் பேச்சு நடந்தபோதே என் அண்ணன், "அகராதி பிடிச்ச ஆளுங்கள நிறைய பார்த்திருக்கேன், சம்பளத்துக்குப் பிடிச்சிருக்கற ஆள இப்பத்தான் பார்க்கறேன்" என்றான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது தினமும் வருகிறது.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். கால்களுக்கு அடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே கப்பல், கையில் இரண்டு கைப்பிடி. பிள்ளைப்பேறு விடுப்பில் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த உயரத்துக்கு நான் ஏங்கிப்போனேன். குழந்தை பிறந்த பிறகு ஒரு பெண் இப்படிச் சொல்லக்கூடாது என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

விடுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை நான் கிரேனில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறார். என்னைக் கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ஃபோர்மேன் அண்ணன் நல்ல மனிதர்தான், ஆனாலும் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

எல்லாம் ஏற்பாடு செய்திருந்தோம். மகளை என் கணவர் தன்னோடு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார். அகராதி அலுவலகத்தில் சத்தம் போடுகிற ஆளே கிடையாது, ஒரு குழந்தை இருந்தால் நல்லதுதான் என்று அங்கே தலைமை ஐயா சொல்லியிருந்தார். தாய்ப்பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வரிசையாக வைத்தேன். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குழந்தை புட்டியில் குடிக்க மாட்டேன் என்றது.

எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் மேனேஜரம்மா. எதை நீட்டினாலும் ஒரு பார்வை பார்ப்பாள், உதட்டை இறுக்கி மூடுவாள், முகத்தைத் திருப்புவாள், அவ்வளவுதான், கோப்பு திரும்பி வந்துவிடும். நீளமான புட்டி, குட்டையான புட்டி, மெத்தென்ற காம்பு, அம்மா மார்பு மாதிரியே இருக்கும் என்று விளம்பரம் செய்த விலை கூடின காம்பு, எல்லாம் திரும்பி வந்தன.

இந்த நேரம் பார்த்து என் கணவர் 'சங்கு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தார். சகர வரிசை அச்சுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. சாப்பிடும்போதும் சங்கு, பல் துலக்கும்போதும் சங்கு. கடலில் கிடைக்கிற பெரிய ஓடு முதல் பொருள். அதை ஊதினால் இரண்டாவது. தொண்டை மூன்றாவது. வேலை நேரத்துக்கு ஊதுகிற சைரன் நான்காவது.

"நாலாவதுக்கு 'அருகிய வழக்கு'ன்னு போட்டுட்டேன்" என்றார் ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அப்படின்னா?"

"இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்லைன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நாங்க ஷிஃப்டுக்கு ஷிஃப்டு சங்கு ஊதிட்டான்னுதாங்க சொல்றோம். எங்களையெல்லாம் ஆளாவே எண்ணலையா?"

"கோவிச்சுக்காத. எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. புத்தகத்துல சான்று கிடைக்கலைன்னா, எங்கள்ல ரெண்டு பேராவது நேர்ல பார்த்திருக்கணும், இல்ல கேட்டிருக்கணும். நீ ஆபீஸ் ஆள் இல்லையே."

மறுநாள் காலை அவரையும், அந்த அகராதிக்குப் படம் வரைகிற ஓவியரம்மாவையும் துறைமுக வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சரியாகத் தலைக்கு மேலே ஊதியது. "சங்கு ஊதிட்டான், ஓடு ஓடு" என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் உள்ளே ஓடியது. இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். 'அருகிய வழக்கு' என்ற முத்திரை அன்றைக்கே எடுக்கப்பட்டது.

ஐந்தாவது பொருளுக்கு அப்படி வாதாட ஆளில்லை. குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம் என்று எழுதி, அருகிய வழக்கு என்று முத்திரையும் குத்திவிட்டார். படம் வரைவதற்காக ஓவியரம்மா எங்கிருந்தோ ஒன்றை வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமை அதை இவர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பளபளவென்று எவர்சில்வர், உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

"இது எதுக்கு?"

"விளக்கம் சரியான்னு பார்க்கணும். ஒரு தடவையாவது குடிச்சுப் பார்க்காம எப்படி எழுதறது?"

மகளை மடியில் வைத்துக்கொண்டு, சங்கில் தண்ணீர் ஊற்றி, தலையை அண்ணாந்து தன் வாயிலேயே விட்டுக்கொண்டார். பாதி மூக்கில் போயிற்று, மீதி சட்டையில். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. மேனேஜரம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தச் சங்கைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புட்டியைக் கண்டால் பூட்டிக்கொள்கிற வாய் அது.

"குடுங்க இப்படி."

"இது மாதிரிப் பொருள். திங்கட்கிழமை ஓவியரம்மா இதைப் பார்த்துத்தான் வரையணும்."

"வரையட்டும். அதுக்கு முன்னாடி உங்க மக வயித்தப் பாருங்க."

கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். பாலை ஊற்றி, அவளை நிமிர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தேன். ஒரு மடக்கு இறங்கியது. இன்னொரு மடக்கு. மூன்றாவதற்கு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அசல் கடை எதிரிலேயே திறந்திருப்பதைக் கண்டுகொண்டாள். சங்கைத் தட்டிவிட்டு என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே கதைதான்.

"நீ பக்கத்துல இருக்கறவரைக்கும் குடிக்க மாட்டா" என்றார் இவர்.

"நான் இல்லாதப்பவும் குடிக்கலைன்னா?"

அவர் சங்கைத் துடைத்துத் தன் பையில் எடுத்து வைத்தார். குழந்தை ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் நான் இறங்கி ஓடி வந்துவிடுவேன், அத்தோடு என் கிரேனுக்குச் சங்கு ஊதியாயிற்று என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஏறினேன். மேலே போன் கொண்டுபோக அனுமதி கிடையாது, கீழே பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும். உட்கார்ந்ததும் கைகள் பழைய வேலையை ஞாபகம் வைத்திருந்தன. கன்டெய்னரைத் தூக்கி லாரியில் இறக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பால் குடிக்கிற நேரம் வந்ததும் மார்பு கனத்து, சட்டை நனைய ஆரம்பித்தது. மேலே கடிகாரத்தைப் பார்க்கத் தேவையே இல்லை.

மதியச் சங்கு ஊதியது. கேட்டவுடன் இறங்கி ஓடினேன். போனில் அவர் குரல் பதிவுகள் காத்திருந்தன.

"அழறா. பயப்படாத."

"இன்னும் அழறா. ஐயா ரூம் கதவைச் சாத்திக்கிட்டாரு. ஓவியரம்மா சங்கை மேசை மேல வெச்சு வரைஞ்சுக்கிட்டு இருக்காங்க, பாதிதான் முடிஞ்சிருக்காம், குடுக்க மாட்டேங்கறாங்க."

"ஓவியரம்மாவே பென்சிலைப் போட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க. அவங்க மடியிலதான் இருக்கா."

அடுத்த பதிவில் பேச்சே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். களக் களக் என்று சின்னச் சத்தம், நடுவில் ஒரு பெருமூச்சு. பிறகு இவர் ரகசியமாக, "கேக்குதா? ரெண்டாவது சங்கு ஓடுது. ஐயா கதவைத் திறந்துட்டு வந்து நின்னு பார்க்கறாரு."

கடைசியில் ஒரு படம். ஓவியரம்மா பாதியில் விட்ட சங்கை முடித்திருந்தார். மூக்கின் முனையில் மட்டும் இரண்டு சின்ன உதடுகளைச் சேர்த்திருந்தார். பக்கத்திலிருந்த 'அருகிய வழக்கு' சிவப்பு மையால் அடித்து நீக்கப்பட்டிருந்தது.

நான் அப்படியே பெட்டியோரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். கூடவே, நான் இல்லாமல் அவள் வயிறு நிறைந்துவிட்டதே என்ற பொறாமையும் இருந்தது.

"என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று ஃபோர்மேன் அண்ணன் பதறினார்.

"ஒண்ணுமில்லண்ணே. பொண்ணு பால் குடிச்சிட்டா."

"அதுக்கா அழறே?"

"ஆமாண்ணே."

அவர் ஒன்றும் புரியாமல் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். போன் மறுபடி அதிர்ந்தது. 'அஞ்சாவது பொருளுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் ஒண்ணு வேணும். சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகுது. ஏதாவது தோணுதா?' என்று இவர் அனுப்பியிருந்தார்.

டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். மீண்டும் ஏறச் சொல்லிச் சங்கு ஊதுகிற நேரம் நெருங்கிவிட்டது. தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, போனைப் பூட்டிவிட்டு எழுந்தேன்.

'அம்மா வேலைக்குப் போனாள். குழந்தை சங்கில் பால் குடித்தது.'