பிடி புடைத்த தூண்டில் தடி

யாராவது ஒரு பொருளை விரும்பிக் கொடுத்தால், அதைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. சோழியன் குடுமி சும்மா ஆடாது. இதைச் சொன்னால் என் மனைவி சபூறா, "ஒங்களுக்கு வானத்துல இருந்து மலக்கு வந்து தண்ணி தந்தாலும் மணந்து பார்த்துத்தான் குடிப்பீங்க" என்பாள். மணந்துதான் பார்ப்பேன். அதில் என்ன குற்றம்?

எண்பத்திரண்டாம் ஆண்டு, பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு, சபூறாவின் தம்பி றஊப் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தான். சேலை, சவர்க்காரம், துவாய் எல்லாவற்றையும் பெண்களிடம் கொடுத்து முடித்த பிறகு நீளமான துணிப்பை ஒன்றை அவிழ்த்து, இரண்டு தூண்டில் தடிகளைப் பாயில் வைத்தான். ஒன்று எனக்கு, மற்றது என் சகலன் அப்துல் கபூருக்கு. கபூர் சபூறாவின் தங்கையைக் கட்டியவன். கல்முனையில் எங்கள் வளவுக்கும் அவன் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான் இருந்தது.

முதல் தடி நல்ல கறுப்பு, பெருவிரல் பருமன், பார்த்தால் சாமான் என்று சொல்ல வைக்கும். மற்றது மெலிந்தது. நுனி ஈர்க்கில் மாதிரி ஆடியது. அதன் பிடியில் மட்டும் கறுப்புத் துணிநாடாவைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தான். பிடியின் கீழ்ப்பக்கம் வண்டு கடித்த கன்னம்போல ஒரு புறமாகப் புடைத்திருந்தது. இரண்டு தடிக்கும் பொதுவாக ஒரு தகர டப்பா. அதற்குள் விரல் நீளத்தில் பச்சையும் வெள்ளையுமாக றப்பர் மீன்கள். தொட்டால் வழுவழுவென்று வால் துடித்தது. பன்றிக் கொழுப்பில் செய்ததோ என்று ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். றப்பர் மணம்தான்.

"இந்த மீனுக்கு மெல்லிய தடிதான் மச்சான் சரி," என்றான் றஊப். "இதுல பாரமே இல்ல. தடி வளைஞ்சி குடுத்தாத்தான் தூரம் போகும். மீன் வந்து முகர்ந்து பார்த்தாலும் கைக்குத் தெரியும். மற்றது ஈயக்கட்டி கட்டிக் கடலுக்கு எறியிற தடி."

"அப்ப மெல்லியத காக்கா எடுக்கட்டும்," என்றான் கபூர் உடனே. மூத்தவன் என்று என்னைக் காக்கா என்றுதான் அழைப்பான்.

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து சபூறாவும், "ஓம், அதுதான் நல்லா இரிக்கி," என்றாள். தூண்டில் தடியைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றுதான். மூன்று பேருக்கும் ஒரே வாய். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

என் கையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டியவன். மூன்று வருடங்களுக்கு முன் ஓடுகிற பெல்ட் என் வலக்கையின் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் அடியோடு கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்னர் கிட்டங்கித் துறையில் கைக்கயிறு போட்டுக் கொடுவா மீன் பிடிப்பதில் இந்த மசூரை வெல்ல ஆள் இருக்கவில்லை. அதற்குப் பிறகு கயிறு கைக்குள் நிற்கவில்லை. இப்போது மில் களத்தில் நெல் காயப்போடும் ஆட்களை மேய்க்கிறேன். சம்பளம் குறைந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தக் கையால் இன்னும் ஒரேயொரு கொடுவாவைக் கரைக்கு இழுக்க வேண்டும் என்கிற ஆசைதான் மூன்று வருடமாகத் தொண்டைக்குள் முள்ளாக நின்றது.

அதை யாரிடமும் சொன்னதில்லை. கையைப் பற்றி யார் கதைத்தாலும் எனக்குப் பிடிக்காது. மருதமுனையில் ஒரு கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே சகனைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். அந்தப் பெரிய தட்டில் எல்லாருடைய கையும் ஒன்றாகச் சோற்றுக்குள் போகிறபோது, பக்கத்தில் இருந்தவர் நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். மூன்று விரல்காரனுக்கு இரக்கம். எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்த விருந்திலும் சகனில் இருப்பதில்லை. வீட்டில் கையென்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை.

ஆனால் எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. போன நோன்பில் சபூறா குழைத்த கோதுமை மா உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, "இத இறுக்கிப் புடிங்க. பரிசாரியார் சொன்னவர், நரம்புக்கு நல்லமாம்," என்றாள். பிடித்தேன். விரல் பதிந்த அந்த மாவை அவள் பத்திரமாக வெயிலில் காயவைத்ததைக் கண்டேன். மறுநாள் அதைக் காணவில்லை. கேட்டபோது காகம் கொண்டுபோனது என்றாள். தேங்காய் அளவு மாக்கட்டியைத் தூக்கிப் பறக்கிற காகம் எந்த ஊரில் இருக்கிறது? யாரோ அவளை ஏமாற்றி எனக்குச் செய்வினை செய்கிறார்கள் என்று நினைத்து, முருங்கையடியைக்கூடக் கிண்டிப் பார்த்தேன். ஒரு பழைய கரண்டிதான் கிடைத்தது.

ஆகவே அன்று பாயில் கிடந்த மெலிந்த தடியின் பிடியை நான் கையால் பற்றவேயில்லை. நாடாவின் நுனியை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன்.

"அதக் கழட்டாதீங்க மச்சான்," என்றான் றஊப் பதறி.

"ஏன், உள்ளுக்கு உடைஞ்சி கிடக்கா?"

"இல்ல... சும்மா புடிச்சிப் பாருங்களன்."

எனக்கு விளங்கிவிட்டது. எந்த வெள்ளைக்காரனோ உடைத்து எறிந்ததை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறான். நல்லது கபூருக்கு, ஒட்டுப் போட்டது கைகெட்டவனுக்கு. கபூர் வத்தகப் பழத்தில் பெரிய துண்டுக்கே சண்டை பிடிக்கிறவன், அவனுக்கு என்மேல் திடீரென்று இவ்வளவு பாசமா? ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான்.

கறுத்த தடியைத் தூக்கிக்கொண்டேன். "எனக்கு இது போதும்," என்றேன். றஊப் சீலைப் பக்கம் பார்த்தான். சீலை அசைந்தது. றஊபுடைய முகமும் கபூருடைய முகமும் விழுந்ததைப் பார்த்து, தப்பினேன் என்று சந்தோசப்பட்டேன்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு நானும் கபூரும் சைக்கிளில் கிட்டங்கிக்குப் போவது வழக்கமாகியது. களப்புக் கரையில் நின்று றப்பர் மீனைக் கட்டி எறிந்தேன். அந்தத் தடி உலக்கை மாதிரி. றப்பர் மீனுக்கு அது வளைந்தால்தானே? மீன் என் காலடியிலேயே விழுந்தது. பலங்கொண்டு வீசினால் பிடி மூன்று விரலுக்குள் சுழன்றது. சக்கரத்தில் நூல் குருவிக்கூடானது. ஒரு நாள் றப்பர் மீன் பின்னால் நின்ற மாட்டின் கொம்பில் போய் மாட்டியது. ஆப்பிழுத்த குரங்கு மாதிரி நின்றேன்.

கபூரோ மெலிந்த தடியைத் தினமும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான், கரையில் சாத்திவைத்தான், ஒரு நாளும் எறியவில்லை. பழைய கைக்கயிற்றையே போட்டுக்கொண்டு இருந்தான். இதிலும் ஏதோ இருக்கிறது. தன் தடி உடைசல் என்பதை மறைக்கிறானா? அல்லது நான் இல்லாத நேரம் வந்து பெரிய மீனாகப் பிடிக்கிறானா? அவன் வீட்டு அடுப்படியில் கொடுவாச் செதில் கிடக்கிறதா என்று வேலிக்கு மேலால் எட்டிக்கூடப் பார்த்தேன்.

பத்தாம் நாள் றப்பர் மீன் எப்படியோ கண்டல் மர நிழல் வரைக்கும் போய் விழுந்தது. மெதுவாகச் சுற்றினேன். மீன் தொட்டதா, முகர்ந்ததா, கைக்கு ஒன்றுமே வரவில்லை. திடீரென்று ஒரு இழுவை. கொடுவாதான், வாலடித்து மேலே எழும்பியதைக் கண்ணால் கண்டேன். இறுக்கிப் பிடித்தேன். மூன்று விரல் போதவில்லை. தடி கையை விட்டு வழுக்கித் தண்ணீருக்குள் போனது.

முதலை கிடக்கிற களப்பு அது. கபூர் சாரத்தை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் குதித்தான். கழுத்தளவு தண்ணீரில் காலால் தடவித் தடவித் தேடினான். கடைசியில் வெறுங்கையோடு, சேறு வடிய ஏறி வந்தான்.

எனக்கு அழுகை வந்தது. அழத் தெரியாதவனுக்குக் கோபம்தான் வரும். "சிரிக்கிறெண்டா சிரி," என்றேன். "மூணு பேருமாச் சேர்ந்து எனக்கு உலக்கையக் காட்டிட்டு, நல்லத நீ வெச்சிருக்காய்."

கபூர் போய் மெலிந்த தடியை எடுத்துவந்து என் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். "புடிங்க காக்கா. பத்து நாளா இத நான் ஏன் சுமக்கிறன் எண்டு கேட்டீங்களா? எனக்கு இதப் புடிக்க ஏலா. என்ட ரெண்டு விரல் நிக்க இதுல இடமில்ல."

பிடித்தேன். நாடாவுக்கு அடியில் மூன்று பள்ளங்கள் இருந்தன. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தங்கள் தங்கள் இடத்தில் போய் இருந்தன. அந்த அவலட்சணமான புடைப்பு, விரல் போன இடத்தை நிரப்பிக்கொண்டு உள்ளங்கையோடு ஒட்டியது. உதறிப் பார்த்தேன். தடி அசையவில்லை.

"மா உருண்டை ஞாபகம் இரிக்கா?" என்றான் கபூர். "குவைத்துக்குப் போன ஒரு ஆளிட்டக் குடுத்து அனுப்பின. அங்க ஒரு தச்சன் அதப் பார்த்துத் தக்கையில செதுக்கினவனாம். ஒங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு சபூறா ராத்தாதான் சொன்ன. சொன்னா நீங்க தொடமாட்டீங்களாம்."

தொட்டிருக்க மாட்டேன்தான். அவள் என்னை நன்றாக அளந்துதான் வைத்திருக்கிறாள்.

எறிந்தேன். தடி வளைந்து நிமிர்ந்தது. றப்பர் மீன் கண்டலையும் தாண்டிப் போய் விழுந்தது. சுற்றும்போது மணல் தட்டுவதும் பாசி உரசுவதும் கைக்கு வந்தது. பிறகு, கதவில் ஒரு விரலால் தட்டுவதுபோல, ஒரு தட்டு. பொறுத்தேன். அடுத்த தட்டில் இழுத்தேன். மூன்று றாத்தல்கூடத் தேறாத கொடுவா அது. பிடி கைக்குள்ளேயே இருந்தது. கரையில் போட்டுவிட்டுச் சேற்றிலேயே குந்திவிட்டேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு மற்றது உறைத்தது. நனைந்த சாரத்தோடு பக்கத்தில் வந்துகொண்டிருந்தான் கபூர்.

"தண்ணிக்குள்ள போனது உன்ட தடி," என்றேன்.

"ஓம்."

"அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே, இது எனக்கெண்டு செஞ்சது, அது உனக்கெண்டு."

"சொன்னா நம்பியிருப்பீங்களா காக்கா?"

வெட்கமாக இருந்தது. கொடுவாவை அவனுடைய சைக்கிளில் கொழுவிவிட்டேன், அவன் அதைக் கழற்றித் திரும்ப என்னுடையதில் கொழுவினான்.

வீட்டுக்கு வந்து சபூறாவிடம் மீனைக் கொடுத்தேன். அவள் மீனைப் பார்த்தாள், என் கையிலிருந்த தடியைப் பார்த்தாள். "ஆக்கிப்போட்டு, றஊபையும் கபூரையும் கூப்பிடு. சோத்தச் சகனில வை," என்றேன்.

"சகனிலயா? என்னத்துக்கு?" என்று சந்தேகமாகக் கேட்டாள். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அந்தச் சந்தேக நோய் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

சகனைச் சுற்றி மூன்று பேரும் இருந்தோம். பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தேன். கபூர் கொடுவாவின் நடுத்துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினான். ஏன் தள்ளுகிறான் என்று மனம் ஒருமுறை கேட்டது. துண்டை எடுத்து முள் நீக்கி, பாதியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் தின்றேன். நான் எழும்பவில்லை.